பறக்கும் தவளை, கொம்பு முளைத்த ஈ, பெயரில்லாத முகங்கள்: வாலஸ் புத்தகத்துப் படங்களின் கதை தெரியுமா?

அட்டையைத் திருப்பியதுமே ரத்தக்களரி! ஒரு ஒராங்குட்டான் ஒரு மனிதனின் கையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அவனுடைய கூட்டாளிகள் ஆயுதங்களோடு பாய்ந்து வருகிறார்கள். 1869 மார்ச்சில் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளிவந்த 'தி மலே ஆர்க்கிபெலகோ' புத்தகத்தின் முகப்புப் படம் இதுதான். எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினைப் போலவே, ஆனால் தனியாக, இயற்கைத் தேர்வு என்ற கருத்தைக் கண்டடைந்தவர். இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1 அன்று லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. புத்தகத்தையும் டார்வினுக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். நாம் படம் பார்ப்போம், வாருங்கள்!

முகப்புப் படம் கற்பனை அல்ல. போர்னியோவில் வாலஸ் தங்கியிருந்த சிமுஞ்சோன் பக்கம் நடந்தது. ஆற்றங்கரையில் பனைக் குருத்தைத் தின்றுகொண்டிருந்த ஒராங்குட்டானை அந்தப் பகுதிப் பழங்குடியினரான தயாக் மக்கள் மடக்கினார்கள். முன்னால் ஓடியவர் ஈட்டியை ஓங்கினார். அது ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு, முழங்கைக்கு மேலே சதையில் பல் பதியக் கடித்துவிட்டது. மற்றவர்கள் வந்து அதை வெட்டிச் சாய்த்திராவிட்டால் ஆள் பிழைத்திருக்க மாட்டார். பிழைத்தார், ஆனால் அந்தக் கை கடைசிவரை பழையபடி ஆகவில்லை. இதை வரைந்தவர் ஜோசஃப் வோல்ஃப். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, விலங்கு ஓவியத்தில் அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். (ஒராங்குட்டான் என்ற பெயரில் 'குட்டி' ஒளிந்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மலாய் மொழியில் ஓராங் என்றால் மனிதன், ஹூத்தான் என்றால் காடு. காட்டு மனிதன்!)

சரி, இவ்வளவு பயங்கரமான படத்தை முகப்பில் போட்ட வாலஸ் ஒரு ஒராங்குட்டான் குட்டிக்குத் தாயாக இருந்தார் என்பது தெரியுமா? தாயைச் சுட்டதும் அவர்தான். ஒரு அடி நீளம்கூட இருக்குமா என்று சந்தேகப்படும்படியான குட்டி, சேற்றில் குப்புறக் கிடந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தால், அவருடைய தாடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது! பால் கிடைக்கவில்லை. ஒரு புட்டியில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி, தக்கையில் இறகுக் குழாய் செருகி ஊட்டினார். குளிப்பாட்டினார், துடைத்தார், தலை சீவினார். பெட்டியைத் தொட்டிலாக்கினார். தாயின் ரோமத்தைப் பற்றிக்கொள்ள ஏங்குகிறதே என்று எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொய்த்தாய் செய்து தொங்கவிட்டார். குட்டிக்கு ஒரே குஷி. ஆனால் பால் தேடி உறிஞ்சியதில் வாயெல்லாம் மயிர் அடைத்து மூச்சுத் திணறவே, பொய்த்தாயைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. மூன்று மாதம் ஆவதற்குள் குட்டி இறந்துபோனது. அதற்குப் பிறகு வாலஸ் என்ன செய்தார் என்கிறீர்கள்? தோலையும் எலும்புக்கூட்டையும் பாடம் செய்து வைத்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்ததாம், மரத்திலிருந்து விழுந்த அன்றே குட்டியின் ஒரு கையும் ஒரு காலும் ஒடிந்து, தானாகக் கூடியிருந்தன என்று. இந்தக் குட்டியைப் பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டு முகப்புப் படத்தை மறுபடி பார்த்தால், யார் யாரைக் கடித்தது என்ற குழப்பம் வந்துவிடுகிறது.

மலாய்த் தீவுக்கூட்டத்தில் வாலஸ் சுற்றியது 1854 முதல் 1862 வரை எட்டு ஆண்டுகள். சுமார் 14,000 மைல் பயணம். சேர்த்த உயிரின மாதிரிகள் 1,25,660! அதில் வண்டுகள் மட்டும் 83,200. பறவைகள் 8,050. பாலூட்டிகள் 310. ஊர் திரும்பிய பிறகும் இதையெல்லாம் பிரித்து அடுக்கி ஆராய்வதிலேயே காலம் ஓடியது. அதனால்தான் புத்தகம் வர ஏழு ஆண்டு ஆயிற்று. அந்த மலையிலிருந்து பொறுக்கியெடுத்த சுமார் ஐம்பது படங்கள்தான் புத்தகத்தில் இருக்கின்றன.

அந்தப் படங்கள் எப்படி அச்சேறின தெரியுமா? 1869-இல் ஒளிப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க வழி கிடையாது. புள்ளி புள்ளியாக அச்சாகும் ஒளிப்படம் 1880-களுக்குப் பிறகே பரவியது. ஆகவே ஒளிப்படம் இருந்தாலும், ஓவியர் அதைப் பார்த்து வரைய வேண்டும். செதுக்குபவர் அதை பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கோடு கோடாகச் செதுக்க வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி! நம்மூர் பழைய அச்சகங்களில் 'பிளாக்' என்பார்களே, அதன் தாத்தா. அந்த மரம் பருமனாக வளராது. பெரிய படம் வேண்டுமானால் சிறு கட்டைகளைச் சேர்த்து முடுக்கிக்கொள்வார்கள். புத்தகத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு இறகும் ஒரு கூர் உளியின் நுனியிலிருந்து வந்தது. வண்ணம்? மூச்! எல்லாம் கறுப்பு மைதான். பச்சான் தீவில் 1859-இல் பொன்னிறப் பட்டாம்பூச்சி ஒன்றைப் பிடித்தபோது வாலஸுக்கு மயக்கமே வரப்பார்த்தது, அன்று முழுக்கத் தலைவலி. அந்தப் பொன்னைக் கறுப்பு மையில் காட்ட எந்த உளியால் முடியும்?

ஆனால் கறுப்பு மை பிரமாதமாக ஜெயித்த ஒரு படம் உண்டு. சுமத்ராவின் இலைப் பட்டாம்பூச்சி. பறக்கும்போது ஊதா நிறம், முன்சிறகில் பட்டையாக ஆழ்ந்த ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும். துரத்திக்கொண்டு போனால் புதருக்குள் நுழைந்ததும் மாயம்! கிளையில் உட்கார்ந்து சிறகை மடித்ததும் அது சருகாகிவிடுகிறது. நடு நரம்பு, கிளை நரம்பு, பூஞ்சைப் புள்ளி எல்லாம் அப்படியே. பின்சிறகின் வால் நுனி குச்சியைத் தொட்டு இலைக்காம்பு ஆகிவிடும். தலையையும் உணர்கொம்பையும் சிறகுகளுக்கு இடையே ஒளித்துக்கொள்ளும். ஓவியர் டி. டபிள்யூ. வுட் ஒரே படத்தில் இரண்டையும் வைத்தார்: ஒன்று பறக்கிறது, ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருப்பது எங்கே என்று தேடுவதற்குள் வாசகருக்கு உருமறைப்பு என்றால் என்னவென்று புரிந்துவிடும். விளக்கமே வேண்டாம்!

தவளை பறக்குமா? 1855-இல் சிமுஞ்சோன் பக்கத்தில் ஒரு சீனத் தொழிலாளி ஒரு பெரிய மரத்தவளையைக் கொண்டுவந்து கொடுத்து, உயரமான மரத்திலிருந்து சாய்வாகப் பறந்து இறங்கியது என்று சத்தியம் செய்தார். வாலஸ் அளந்து பார்த்தார். உடம்பு நாலு அங்குல நீளம்தான்; விரித்த கால் சவ்வுகள் எல்லாம் சேர்ந்து 12 சதுர அங்குலம்! மேலே பளபளக்கும் பச்சை, கீழே மஞ்சள், சவ்வு கறுப்பில் மஞ்சள் கோடு. அவரே படம் வரைந்துகொண்டார். அதைப் பார்த்துப் புத்தகத்துக்கு வரைந்தவர் ஹாலந்துக்காரர் கூலமன்ஸ். இதில் பெரிய வேடிக்கை, தவளையின் படம் 1869-இல் உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது, முறைப்படி அறிவியல் பெயர் கிடைத்தது 1895-இல்தான்! படம் வந்து 26 வருடம் கழித்துப் பெயர்சூட்டு விழா. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் பங்காளி ஒன்று இருக்கிறது, மலபார் சறுக்குத் தவளை. இதே பேரினம். அதை விலங்கியலாளர் ஜெர்டன் விவரித்தது 1870, அதாவது வாலஸ் புத்தகம் வந்த மறுவருடம்.

ஈக்குக் கொம்பு முளைக்குமா? முளைத்தது, நியூகினியின் டோரி என்ற இடத்தில். கலைமானைப் போல! மான்கொம்பு ஈ என்றே சொல்லலாம். இதேபோல் இன்னொரு படம்: ஆரு தீவுகளில் ஒல்லி மூக்கு வண்டுகள் இரண்டு, பெண் வண்டுக்காக மல்லுக்கட்டுகின்றன. நியூகினி நாட்கள் வாலஸுக்குச் சுகமாக இருக்கவில்லை. காலில் புண், வீட்டை விட்டு நகர முடியாத நிலை, பாடம் செய்து காயவைத்த பூச்சிகளை எறும்புகள் தூக்கிக்கொண்டு போயின. அந்த எரிச்சலுக்கு நடுவில் ஒரு ஈயின் கன்னத்துக் கொம்பை எண்ணிக்கொண்டிருக்க எத்தனை பொறுமை வேண்டும்!

இருவாச்சிக்கு வாருங்கள். இது நமக்குத் தெரிந்த பறவை. வால்பாறைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வாலஸ் சுமத்ராவில் கண்டதும் அதே இனம்தான், மலை இருவாச்சி. அவருடைய வேட்டைக்காரர்கள் ஆண் பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்து, மரப்பொந்தில் அடைபட்டிருந்த பெண்ணுக்கு இரை ஊட்டும்போது சுட்டோம் என்றார்கள். ஓடினார். பொந்தின் வாய் சேற்றால் பூசப்பட்டு, அலகு நுழையும் சந்து மட்டும் விட்டிருந்தது. மேலே ஏறி எடுத்துத் தந்தால் ஒரு ரூபாய் என்றார். முடியாது என்று எல்லாரும் கையை விரித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, காது கிழியும் கத்தலோடு தாயும் குஞ்சும் வந்து சேர்ந்தன! குஞ்சு எப்படி இருந்தது? புறா அளவுக்கு இருக்கிறது, உடம்பில் ஒரு இறகு கிடையாது. தொளதொளவென்று, கண்ணாடி போன்ற தோல். நுங்குக்குத் தலையும் காலும் ஒட்டவைத்தது போல என்று நாம் சொல்லலாம். டி. டபிள்யூ. வுட் அதையும் வரைந்தார். ஆண் பறவை செத்த கதையை மட்டும் படம் சொல்வதில்லை.

இனி, சொர்க்கப் பறவை! காலே இல்லாத பறவை என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்தது தெரியுமா? வியாபாரத்துக்கு வந்த தோல்களில் காலை வெட்டிவிட்டு அனுப்புவார்கள். அது பூமியில் இறங்குவதே இல்லை, வானத்திலேயே வாழ்கிறது என்று கதை கிளம்பிவிட்டது. உயிரியலாளர் லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயரே 'காலற்றது' என்ற பொருள் தரும் அபோடா. இரண்டாம் பாகத்தின் முகப்புப் படம் அந்தக் கதையைக் கிழித்துப் போடுகிறது. ஆரு தீவின் பெரிய மரம். உச்சியில் ஆண் பறவைகள் தோகையை விசிறிக்கொண்டு ஆட்டம். கிளையில் ஓலைக்குடில் கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும் வேட்டைக்காரர். அவருடைய அம்பைக் கவனியுங்கள். நுனி கூராக இல்லை. தேநீர்க் கோப்பை அளவுக்கு மொண்ணையான மரக்குமிழ்! குத்தினால் ரத்தம் பட்டு இறகு கெடும், விலை போகாது. அடித்து மயக்கி வீழ்த்தினால் கீழே காத்திருக்கும் பையன் பொறுக்கிக்கொள்வான். இவ்வளவு நுட்பம் அறிந்தவர்களைப் பெயர் தெரியாத சுதேசிகளாகத்தான் படக்குறிப்பு சொல்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆரு காட்டில் அரச சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தியபோது வாலஸ் ஒரு விஷயம் யோசித்தார்: நாகரிக மனிதன் இந்தக் காட்டுக்குள் கால் வைத்தால் இந்த அழகு அழியும், உயிரெல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை அல்ல. 1869 புத்தகத்தில் இப்படி ஒரு எண்ணம்! சொன்னவரின் கையில் இருந்தது செத்த பறவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உயிரோடும் கொண்டுபோனார். 1862-இல் இரண்டு சொர்க்கப் பறவைகளை சிங்கப்பூரில் வாங்கி லண்டனுக்குக் கப்பலேற்றினார். வழியில் என்ன உணவு? சோறு, வாழைப்பழம், முக்கியமாகக் கரப்பான்பூச்சி! கப்பலில் கரப்பானுக்கா பஞ்சம் என்று நினைப்போம். பஞ்சம்தான்! அந்த நீராவிக் கப்பல் அவ்வளவு சுத்தம். ராத்திரி ராத்திரி பொறி வைத்தும் தேடியும் சில டஜன்தான் தேறின. மால்ட்டாவில் இறங்கி, ஒரு ரொட்டிக்கடை அடுப்படியில் கரப்பான்களைப் பிடித்து பிஸ்கட் டின்களில் அடைத்துக்கொண்டு புறப்பட்டார். டார்வினோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் மேதை, இரண்டு கையிலும் கரப்பான் டின்னோடு! இந்தக் காட்சியை யாரும் படமாகப் போடாதது பெரிய குறை.

ஆனால் மலைப்பாம்புக்குப் படம் உண்டு. அம்போய்னா தீவில் ஒரு குடிசை. ராத்திரி கூரையில் ஏதோ சரசரப்பு. தூங்கிவிட்டார். மறுநாள் மேலே பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு குவியல். ஆமை ஓட்டை யாரோ செருகி வைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்தார். உற்றுப் பார்த்தால் மலைப்பாம்பு! தலைக்கு ஒரு கஜ உயரத்தில் சுருண்டு கிடந்ததன் கீழேதான் ராத்திரி முழுக்கக் குறட்டை. புரு தீவுக்காரர் ஒருவர் பிரம்பில் சுருக்குப் போட்டு, வாலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். நீளம் சுமார் 12 அடி. படத்தில் பாம்புக்காரர்தான் கதாநாயகன். பெயர்? இல்லை.

இப்போது அந்த விஷயத்துக்கு வருவோம். ஈயின் படத்துக்கு லத்தீனில் இரட்டைப் பெயர். வண்டுக்கு இரட்டைப் பெயர். மனிதர்கள் என்றால் 'தயாக் இளைஞன்', 'திமோர் ஆண்கள்', 'ஜாவாத் தலைவர்', 'பாப்புவன், நியூகினி', அவ்வளவுதான். தயாக் இளைஞனின் அழகான முகம் யாருடையது தெரியுமா? யாருடையதும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. கோட்டுப்படம் ஒன்றையும் ஒளிப்படங்களையும் வைத்து ஆக்கியது என்று படப்பட்டியலே சொல்கிறது. பல முகம் சேர்ந்து ஒரு முகம்! வரைந்தவர் ஆப்பிரிக்கப் பயண ஓவியங்களுக்குப் பேர்போன தாமஸ் பெய்ன்ஸ். வண்டைக் குண்டூசியில் குத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது போல மனிதர்களையும் வகை பிரித்து வைக்கும் பழக்கம் அந்தக் காலத்து விஞ்ஞானத்தில் ஊறியிருந்தது. இவ்வளவு பரிவுள்ள வாலஸும் அதிலிருந்து தப்பவில்லை.

ஆனால் கைவேலை என்று வந்தால் அவருடைய கண் விரிந்துவிடும். லம்போக் தீவில் துப்பாக்கிக் குழாய் துளைப்பதை அவரே வரைந்து வந்தார். இயந்திரம் என்ன? ஒரு மூங்கில் கூடை நிறையக் கற்கள்! அந்தக் கனம் துளையூசியை அழுத்த, ஆட்கள் சுற்றுகிறார்கள். பதினெட்டு அங்குலத் துண்டுகளாகத் துளைத்து, ஒட்டி, மறுபடி பெரிய ஊசியால் துளைத்தால் மூன்று நாளில் குழாய் தயார். வாலஸ் அசந்துபோனார். தயாக் மக்களின் மூங்கில் பாலத்தையும் அப்படியே கோட்டுப்படமாக எடுத்துவந்தார்.

சேகோ பனைக்கு மூன்று படங்கள்: அடிக்கும் தடி, அலசும் தொட்டி, சுடும் அடுப்பு. நம் ஜவ்வரிசியின் மூலப்புருஷன் இந்த மரம்தான். சேலத்துக்காரர்கள் மரவள்ளிக்கிழங்கில் செய்வது பிற்பாடு வந்தது. ஒரு நல்ல மரத்தில் 600 ராத்தல் சேகோ, 1,800 அடைகள்! இரண்டு ஆண்கள் ஐந்து நாள் இடித்து அலசி, இரண்டு பெண்கள் ஐந்து நாள் சுட்டால் ஒருவருக்கு ஒரு வருடச் சாப்பாடு. நமக்கோ பொறாமை வருகிறது. வாலஸுக்கு எரிச்சல் வந்தது: இவ்வளவு சுலபமாகச் சோறு கிடைத்தால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்று எழுதிவைத்தார். பத்தே நாள் உழைத்துவிட்டு மீதி நாளைப் பாட்டிலும் படகிலும் கழிப்பவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

அடுத்த படத்தைப் பார்த்ததும் தமிழர் யாரானாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்! கிழக்கு ஜாவாவில் மஜபாஹித் என்ற பழைய நகரின் இடிபாடுகளுக்கு அருகே, மோஜோ அகோங்கில் வாலஸுக்கு ஒரு கற்சிற்பம் பரிசாகக் கிடைத்தது. இரண்டடி உயரம், எட்டுக் கை தேவி, காலடியில் மண்டியிட்ட மாடு. நம் மகிஷாசுரமர்த்தினி! மாமல்லபுரத்துக் குகையில் சிங்கத்தின் மேலேறி வருகிறாளே, அவளேதான். வாலஸ் என்ன எழுதினார் தெரியுமா? தேவியின் காளையைக் கொல்ல வந்த தீயவனைத் தலைமுடியைப் பிடித்து அடக்குகிறாளாம்! எருமையே அசுரன் என்பது அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொல்லப்பட்டவனை வாகனமாக்கிவிட்டார். சிங்கப்பூர் பக்கங்களில் இன்னொரு சறுக்கல்: கடை வைத்திருந்த 'கிளிங்' முஸ்லிம்களை மேற்கு இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நம் மரைக்காயர் கடைக்காரர்களை அரபிக்கடல் பக்கம் தள்ளிவிட்டார், மனுஷர்!

படங்களை அவர் உயிராகக் காத்தவர் என்பதற்கு ஒரு சாட்சி. இந்தப் பயணத்துக்கு முன், 1852-இல் அமேசானிலிருந்து திரும்பும்போது ஆகஸ்ட் 6 அன்று நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. நான்கு ஆண்டுச் சேகரிப்பில் பெரும்பகுதி சாம்பல். அவர் எடுத்துத் தப்பியது ஒரு சிறு தகரப் பெட்டி. அதில் பனைகளும் மீன்களும் வரைந்த காகிதங்கள். பத்து நாள் படகில் தத்தளித்தபோதும் அது கூடவே இருந்தது. பனைப் படங்கள் மறுவருடமே புத்தகமாயின. 200-க்கும் மேற்பட்ட மீன் படங்கள் புத்தகமாக வந்தது எப்போது தெரியுமா? 2002-இல், பிரேசிலில்! 150 வருடம் கழித்து.

கடைசியாக ஒரு பறவை, ஒரு பையன். 1858 அக்டோபரில் பச்சான் தீவில் வாலஸின் உதவியாளர் அலி வேட்டை முடிந்து வந்தார். சரவாக்கிலிருந்து கூடவே வந்த மலாய் இளைஞர்; சமையலில் ஆரம்பித்து, சுடுவதிலும் தோலுரிப்பதிலும் தேர்ந்தவர். இடுப்பில் தொங்கிய பறவைகளில் ஒன்றைக் காட்டி, இது விசித்திரமாக இருக்கிறதே என்றார். மார்பில் பச்சைக் கவசம். தோளுக்கு இரண்டாக நான்கு நீண்ட வெள்ளை இறகுகள், கொடி பிடித்தது போல! யாரும் கண்டிராத சொர்க்கப் பறவை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜி. ஆர். கிரே 1859-இல் அதற்கு வாலஸின் பெயரையே வைத்தார். கூலமன்ஸ் ஆணும் பெண்ணுமாக வரைந்த படம் புத்தகத்தில் இருக்கிறது. அலியின் படம் அதில் இல்லை.

1862-இல் எடுத்த அலியின் ஒளிப்படம் ஒன்றை வாலஸ் பத்திரமாக வைத்திருந்தார். 1905-இல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது அதை அச்சிட்டார், பெயரோடு. இரண்டு வருடம் கழித்து, 1907-இல், டெர்னாட்டே தீவுக்கு வந்த அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பரை ஒரு முதியவர் தெருவில் நிறுத்தித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பெயர் அலி வாலஸ் என்றார்.